ஐஸ்கிரீம் மெஷினோடு ஓடியவர் யார்?

1980-ல் வந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ என்ற ஸ்டார் வார்ஸ் படத்தில், மேகங்களுக்கு நடுவே மிதக்கும் கிளவுட் சிட்டி என்றொரு நகரம் வரும். பேரரசின் படை நகரத்தைக் கைப்பற்றிவிட்டது, எல்லாரும் கிளம்பிவிடுங்கள் என்று நகரத்தின் தலைவர் லேண்டோ அறிவித்ததும் ஊரே ஓட்டம் பிடிக்கும். அந்தக் கூட்டத்தில் ஆரஞ்சு நிற உடுப்பு போட்ட ஒருவர், வெள்ளையாக உருளை வடிவில் எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார். ஓரிரு நொடிதான். வசனம் கிடையாது. யாரும் அவரைக் கூப்பிடுவதும் இல்லை. ஓடி மறைந்துவிடுவார்.

அவர் கையில் இருந்தது வீட்டில் ஐஸ்கிரீம் செய்யும் மெஷின். ஹாமில்டன் பீச் கம்பெனி தயாரிப்பு. ஏதோ விண்வெளிக் கருவி மாதிரி இருக்கட்டும் என்று படக்குழு அதைக் கையில் கொடுத்திருக்கிறது. படம் வெளியான காலத்தில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. வீட்டில் வீடியோ கேசட் வந்து, ஒரு காட்சியை நிறுத்திப் பார்க்க முடிந்த பிறகுதான் ரசிகர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: இந்த ஆள் யார்? உயிர் பிழைக்க ஓடும்போது இதை ஏன் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்?

1990-களில் டெசிஃபர் என்ற நிறுவனம் ஸ்டார் வார்ஸ் சீட்டு விளையாட்டு ஒன்றை வெளியிட்டபோது அவருக்குப் பெயர் கிடைத்தது. வில்ரோ ஹூட். கிளவுட் சிட்டியில் வாயு எடுக்கும் தொழிலாளி. கையில் இருந்தது கணினி நினைவகம், கிளர்ச்சிப் படையோடு தொடர்புள்ளவர்களின் பெயர்கள் எதிரி கையில் சிக்காமல் காப்பாற்றத்தான் ஓடினார் என்று ஒரு கதையும் பிறந்தது. பிறகு அவருக்குப் பொம்மை வந்தது. ஸ்டார் வார்ஸ் ரசிகர் மாநாடுகளில் ஆரஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு, ஐஸ்கிரீம் மெஷினைத் தூக்கிக்கொண்டு, கூட்டமாக ஓடுவதே ஒரு வழக்கமாகிவிட்டது. 2019-ல் வந்த ‘தி மாண்டலோரியன்’ தொடரில் அதே வடிவக் கொள்கலம் ‘காம்டோனோ’ என்ற பெயரோடு வருகிறது. உள்ளே விலைமதிப்பில்லாத உலோகக் கட்டிகள்.

பெயரில்லாத ஒரு உருவத்துக்குப் பெயர் கண்டுபிடிப்பது என்கிற இந்த வேலை மீது எனக்கு நெடுநாளாகத் தீராத ஈடுபாடு உண்டு. ஸ்டார் வார்ஸ் உலகத்தில் இது எப்படி நடந்தது, யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று பார்த்தால் சினிமா என்னும் தொழில் யாருடைய உழைப்பில் நிற்கிறது என்பது தெரியும். அதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

மதுக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள்

1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் எல்லார் மனதிலும் நின்றுபோன காட்சி, மோஸ் ஐஸ்லி ஊரின் மதுக்கடை. நாயகன் லூக்கும் அவன் வழிகாட்டி ஓபி-வானும் உள்ளே நுழைந்ததும் கேமரா ஒவ்வொரு முகமாகக் காட்டும். சுத்தியல் மாதிரித் தலை, வால்ரஸ் தந்தம் மாதிரிப் பல், பூச்சிக் கண், கொம்பு வைத்த சாத்தான் முகம், ஓநாய் முகம். ஒருவருக்கும் பெயர் சொல்லப்படாது. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர் இருக்கிறது, ஒரு தொழில் இருக்கிறது, ஏதோ ஒரு காரியமாக இங்கே வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடும். அந்த உலகம் நிஜம் என்று நம்மை நம்பவைத்தது நாயகர்கள் பேசிய வசனத்தைவிட இந்த முகங்கள்தான் என்பது என் கருத்து.

இந்தக் காட்சி எடுக்கப்பட்ட விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அடையாளம் காண்பது ஏன் இத்தனை கஷ்டம் என்று புரியும். முதலில் 1976-ல் லண்டனுக்கு வடக்கே உள்ள எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் எடுத்தார்கள். முகமூடிகள் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் குழுவின் கைவண்ணம். நடுவில் ஃப்ரீபார்னுக்கு உடல்நிலை சரியில்லாமல் போனதால், திட்டமிட்ட உருவங்கள் அத்தனையும் தயாராகவில்லை. எடுத்தவரைக்கும் பார்த்த இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுக்குத் திருப்தி இல்லை. 1977-ன் தொடக்கத்தில், படம் வெளியாகச் சில மாதங்களே இருந்தபோது, அமெரிக்காவில் ரிக் பேக்கர் தலைமையில் இன்னொரு குழு புதிய உருவங்களைச் செய்து கூடுதல் காட்சிகளைப் படமாக்கியது. நேரம் போதாமல் ஏற்கெனவே கையில் இருந்த முகமூடிகளையும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஓநாய் முகம் அப்படி வந்ததுதான். 1997-ல் லூகாஸ் படத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டபோது அந்த ஓநாயை எடுத்துவிட்டு வேறு உருவத்தை வைத்தார்.

ஆக, நாம் ஒரே அறையாகப் பார்க்கும் அந்த மதுக்கடை இரண்டு நாடுகளில், இரண்டு குழுக்கள் எடுத்தது. ஒரு குழுவின் ஆள் பட்டியலில் இருப்பவர் இன்னொன்றில் இருக்க மாட்டார். அமெரிக்காவில் எடுத்த காட்சிகளில் முகமூடி செய்தவர்களே முகமூடியை மாட்டிக்கொண்டு நடித்தார்கள். மேடையில் வாத்தியம் வாசிக்கும் பெருந்தலைக் குழுவில் ரிக் பேக்கர், ஃபில் டிப்பெட், ஜான் பெர்க் எல்லாரும் இருக்கிறார்கள். பேக்கர் பிற்பாடு ஒப்பனைக்கான முதல் ஆஸ்கர் விருதை வாங்கியவர். டிப்பெட் ‘ஜுராசிக் பார்க்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். அன்று இருவரும் ரப்பர் தலைக்குள் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். படத்தின் இறுதியில் ஓடும் நடிகர் பட்டியலில் அந்த மதுக்கடைக் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு இடமே இல்லை.

பட்டியலில் இடம் கிடைத்தவர்களுக்கும் முழு மரியாதை கிடைத்துவிடவில்லை. சிவப்பு அணித் தலைவராக நடித்த ட்ரூ ஹென்லியின் பெயர் ‘ஹெம்லி’ என்று அச்சாகியிருக்கிறது. தங்க அணித் தலைவர் ஆங்கஸ் மக்கின்னஸ் ‘மக்கின்னிஸ்’ ஆகிவிட்டார். டெனிஸ் லாசனின் பெயரில் ஓர் எழுத்து கூடிவிட்டது. ஒரே பட்டியலில் மூன்று விமானிகளின் பெயர் தவறு. உலகமே பார்த்த படம் அது.

பொம்மைக் கம்பெனி வைத்த பெயர்கள்

மதுக்கடைக் கூட்டத்துக்கு முதலில் பெயர் வைத்தது திரைக்கதை எழுதியவர்கள் இல்லை, கென்னர் என்ற பொம்மைக் கம்பெனி. அட்டையில் ஏதாவது அச்சடித்தாக வேண்டுமே. பார்த்ததும் என்ன தோன்றியதோ அதையே பெயராக வைத்தார்கள். வால்ரஸ் மேன். ஹேமர்ஹெட். ஸ்னாகில்டூத். ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு இவர்கள் இந்தப் பெயரில்தான் பழக்கம்.

இதில் ஸ்னாகில்டூத் கதை சுவாரசியமானது. சியர்ஸ் கடைகளில் மட்டும் விற்ற ஒரு மதுக்கடைப் பொம்மைத் தொகுப்பில் 1978-ல் இந்தப் பொம்மை வந்தது. நீல உடை, நல்ல உயரம், காலில் பூட்ஸ். ஆனால் படத்தில் இருக்கும் உருவமோ குள்ளம், உடையும் வேறு. பொம்மை செய்தவர்களிடம் இருந்த புகைப்படத்தில் இடுப்புக்கு மேலேதான் தெரிந்திருக்கிறது. கீழே என்ன இருக்கும் என்று அவர்களே ஊகித்துச் செய்துவிட்டார்கள். தவறு தெரிந்ததும் சிவப்பு உடையில் குள்ளப் பொம்மையாகத் திருத்தி விற்றார்கள். அந்த நீலப் பொம்மை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருள்.

இன்னொரு குழப்பம் இரண்டாவது படத்தில். நாயகர்களில் ஒருவரான ஹான் சோலோவைப் பிடிக்க வில்லன் வேடர் வரவழைக்கும் கூலி வேட்டைக்காரர்களில் இருவர்: ஒருவர் பூச்சி முகத்தோடு அங்கி போட்டவர், இன்னொருவர் பூச்சித் தலை வைத்த ரோபோ. கென்னர் இருவர் பெயரையும் மாற்றிப் போட்டுவிட்டது. அங்கி போட்டவருக்கு ‘4-லாம்’, ரோபோவுக்கு ‘ஸக்கஸ்’. 4-லாம் என்பது ரோபோவுக்குத்தானே பொருந்தும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். இன்றைய புத்தகங்களில் திருத்திய பெயர்தான் இருக்கிறது. பழைய பொம்மை அட்டையில் பழைய பெயரே நிற்கிறது. எது சரி என்று கேட்கும் புது ரசிகருக்கு இரண்டையும் சொல்லித்தான் விளக்க வேண்டியிருக்கும்.

அதே கூட்டத்தில் நின்ற ஐஜி-88 ரோபோவின் தலையில் இருப்பது ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் எரிப்பறைப் பாகம். முதல் படத்தின் மதுக்கடையில் அதே மாதிரிப் பாகங்கள் மது ஊற்றும் மேடைக்குப் பின்னால் நின்றன. உருவங்களை அடையாளம் காணத் தொடங்கியவர்கள் பொருள்களையும் விட்டுவைக்கவில்லை. எந்தப் பொருள் எந்த மெஷினிலிருந்து கழற்றியது என்று தேடிக் கண்டுபிடிக்கவே தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது.

விளையாட்டு எழுதியவர்கள்

முழுப் பெயர், இனம், ஊர், பின்கதை எல்லாம் வந்தது விளையாட்டுப் புத்தகங்களிலிருந்து. 1987-ல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் என்ற நிறுவனம் ஸ்டார் வார்ஸ் உலகத்தை வைத்து ஒரு பாத்திர விளையாட்டை வெளியிட்டது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி விளையாடுவது. விளையாடுபவர்கள் மதுக்கடைக்குள் நுழைந்தால் அங்கே இருப்பவர் யார் என்று சொல்ல வேண்டுமே. 1989-ல் முதல் படத்தின் பாத்திரங்களுக்கென்றே ஒரு கையேடு வந்தது. ஹேமர்ஹெட் ‘மோமா நாடன்’ ஆனார், இத்தோரியன் இனத்தவர். வால்ரஸ் மேன் ‘போண்டா பாபா’ ஆனார்.

போண்டா பாபாவின் கையை ஓபி-வான் வெட்டுவார். அந்த உருவத்தின் கை ஒரு ஷாட்டில் துடுப்பு மாதிரி இருக்கும். வெட்டுப்பட்டுத் தரையில் கிடக்கும் கையோ ரோமம் அடர்ந்து, நகத்தோடு இருக்கும். படப்பிடிப்பில் நேர்ந்த பொருத்தக் குறை இது. பின்னால் எழுதியவர்கள் அந்த இனத்துக்குள்ளேயே கை அமைப்பு வேறுபடும் கிளைகள் உண்டு என்று எழுதிவிட்டார்கள். பெயர் வைக்கிறவர் படத்தின் ஓட்டையையும் சேர்த்து அடைக்க வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1991-ல் ‘ஏர் டு தி எம்பயர்’ நாவலை எழுதிய டிமத்தி ஸானுக்கு லூகாஸின் நிறுவனமான லூகாஸ்ஃபிலிம் இந்த விளையாட்டுக் கையேடுகளைத்தான் ஆதாரமாக அனுப்பிவைத்தது. அப்படித்தான் விளையாட்டுக்காக வைத்த பெயர்கள் நாவலுக்குள் நுழைந்து நிலைத்தன. 1995-ல் கெவின் ஜே. ஆண்டர்சன் தொகுத்த ‘டேல்ஸ் ஃப்ரம் தி மோஸ் ஐஸ்லி கான்டீனா’ என்ற சிறுகதைத் தொகுப்பு, அந்த மதுக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆளுக்கொரு கதை கொடுத்தது.

பெயர்கள் பெருகப் பெருக ஒரு கணக்குப்பிள்ளை தேவைப்பட்டார். 2000-ல் லீலண்ட் சீ என்பவர் லூகாஸ்ஃபிலிமுக்காக ‘ஹோலோக்ரான்’ என்ற தரவுத்தளத்தைத் தொடங்கினார். எந்தப் பெயர் எங்கே முதலில் வந்தது, எந்தப் படைப்பு எதோடு முரண்படுகிறது எல்லாம் அதில் பதிவாகும். 2012-ல் டிஸ்னி நிறுவனம் லூகாஸ்ஃபிலிமை வாங்கிய பிறகு, 2014 ஏப்ரலில், அதுவரை வந்த நாவல்கள், காமிக்ஸ், விளையாட்டுக் கதைகள் எல்லாம் ‘லெஜண்ட்ஸ்’ என்று தனியாக ஒதுக்கப்பட்டன. பல வருடம் உழைத்து வைத்த பெயர்கள் ஒரே நாளில் அதிகாரபூர்வத் தகுதியை இழந்தன. பிறகு புதிய புத்தகங்கள் வழியாக ஒவ்வொன்றாக உள்ளே திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. ரசிகர்கள் ஒரு பெயர் திரும்பி வந்தால் கொண்டாடுவது இதனால்தான்.

இரண்டு வெட்ஜ்

எனக்கு மிகவும் பிடித்த அடையாளக் கதையை இப்போது சொல்கிறேன்.

முதல் படத்தில் டெத் ஸ்டார் என்ற பேரரசின் விண்வெளிக் கோட்டையைத் தாக்கும் திட்டத்தை விமானிகளுக்கு விளக்கும் காட்சி ஒன்று உண்டு. அவ்வளவு சின்ன இலக்கைக் கணினியாலும் அடிக்க முடியாது என்று லூக்குக்கு அருகில் இருக்கும் விமானி சொல்வார். கதைப்படி அவர் வெட்ஜ் அன்டிலிஸ். ஆனால் சற்று நேரத்தில் போர்க் காட்சியில் விமானத்துக்குள் தெரியும் வெட்ஜின் முகம் வேறு. முதல் காட்சியில் இருந்தவர் காலின் ஹிக்கின்ஸ் என்ற நடிகர். அவரை மாற்றிவிட்டு டெனிஸ் லாசனை அமர்த்தினார்கள். முதலில் வந்த மூன்று படங்களிலும் வெட்ஜாக வந்தவர் லாசன். முதல் படத்தில் இருவருக்கும் குரல் கொடுத்தவர் மூன்றாவது ஆள், டேவிட் அங்க்ரம். ஒரு பாத்திரம், இரண்டு முகம், மூன்று மனிதர்கள்.

ரசிகர்கள் ஹிக்கின்ஸுக்கு ‘போலி வெட்ஜ்’ என்று பெயர் வைத்தார்கள். அவர் யார் என்பதே நெடுங்காலம் புதிராக இருந்தது. நடிகர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிறகு அவர் அடையாளம் காணப்பட்டார், ரசிகர்களைச் சந்தித்தார். 2012-ல் இறந்துபோனார்.

முதல் படத்தின் நாற்பதாவது ஆண்டையொட்டி 2017-ல் ‘ஃப்ரம் எ செர்டன் பாயிண்ட் ஆஃப் வியூ’ என்றொரு தொகுப்பு வந்தது. நாற்பது கதைகள். பெரும்பாலும் படத்தின் ஓரத்தில் நின்றவர்களின் கண்ணிலிருந்து சொல்லப்பட்டவை. அதில் ஜேசன் ஃப்ரை எழுதிய கதையில் கால் டாக்பிரைட் என்ற விமானி வருகிறான். வெட்ஜைப் போலவே இருப்பதால் அவனைச் சக விமானிகள் போலி வெட்ஜ் என்று கேலி செய்கிறார்கள். போருக்குப் போக விமானம் கிடைக்காமல் தளத்திலேயே நிற்கிறான். அவன் பெயரில் இருக்கும் ‘கால்’ காலின் ஹிக்கின்ஸை நினைவுபடுத்துகிறது. திட்டக் கூட்டத்தில் ஒருவராகவும் போரில் வேறொருவராகவும் தெரிந்த படத்தின் முரண் அதோடு தீர்ந்தது. மாற்றப்பட்ட ஒரு நடிகருக்கு அந்த உலகத்தில் நிரந்தரமாக ஓர் இடமும் கிடைத்தது. இவ்வளவு அன்பான திருத்தத்தை வேறெந்தப் படத்தொடரிலும் நான் பார்த்ததில்லை.

முகமூடிக்கு உள்ளே

இதுவரை சொன்னதெல்லாம் பாத்திரத்துக்குப் பெயர் வைப்பது. அதைவிடக் கடினமான வேலை, முகமூடிக்குள் இருந்த மனிதரின் பெயரைக் கண்டுபிடிப்பது. மோமா நாடன் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதிவிடலாம். அந்த ரப்பர் தலைக்குள் இருந்தவரின் பெயரை யோசித்து எழுத முடியாது. ஆதாரம் வேண்டும்.

என்னென்ன ஆதாரங்கள்? படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்கள். காட்சித் தொடர்ச்சிக்காக உடை, ஒப்பனையைப் பதிவுசெய்த படங்கள். அன்றன்றைக்கு யார் யார் வர வேண்டும் என்று தட்டச்சு செய்த தினப் பட்டியல்கள். சம்பளச் சீட்டுகள். படத்தில் சேராமல் வெட்டி எறிந்த காட்சிகள். ஜே.டபிள்யூ. ரின்ஸ்லர் லூகாஸ்ஃபிலிம் ஆவணக் காப்பகத்துக்குள் புகுந்து எழுதி 2007-ல் வெளியான ‘தி மேக்கிங் ஆஃப் ஸ்டார் வார்ஸ்’ போன்ற புத்தகங்கள் இந்தத் தேடலுக்குப் பெரிய துணை. தெளிவான ப்ளூ-ரே பிரதிகள் வந்த பிறகு, முன்பு நிழலாகத் தெரிந்தவர்களும் முகத்தோடு தெரிய ஆரம்பித்தார்கள்.

‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களுக்கு இன்னொரு அருமையான வழி கிடைத்தது. 2006 அக்டோபரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் ஸ்டார் ட்ரெக் உடைகளையும் பொருள்களையும் ஏலம் விட்டது. அதைத் தொடர்ந்து மிச்சமிருந்த ஏராளமான உடைகள் இணைய ஏலத்துக்கு வந்தன. உடையின் உட்புறத்தில் அதைப் போட்டவரின் பெயர் எழுதிய துணிப்பட்டை தைத்திருக்கும். ஏலப் புகைப்படத்தில் அந்தப் பெயரைப் படித்து, அதே உடை எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று தேடி, நடைபாதையில் நடந்துபோன பெயரில்லாத அதிகாரி இன்னார் என்று ரசிகர்கள் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். தையல்காரர் தன் வசதிக்காகத் தைத்த ஒரு பட்டை பல ஆண்டுகள் கழித்துச் சான்றாக நின்றது.

அந்தத் தொடரின் 1966-69 காலத்து அத்தியாயங்களில் எட்டி பாஸ்கி என்ற நடிகர் ஐம்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களில் தெரிகிறார். கப்பல் ஓட்டும் இருக்கையில், எஞ்சின் அறையில், நடைபாதையில். பாத்திரத்தின் பெயர் லெஸ்லி. ஓர் அத்தியாயத்தில் லெஸ்லி இறந்துவிடுகிறார். அடுத்தடுத்த அத்தியாயங்களில் மறுபடி வேலைக்கு வந்து நிற்கிறார். பல தலைமுறை பார்வையாளர்களுக்கு அந்தக் கப்பலில் ஆட்கள் வாழ்கிறார்கள் என்ற எண்ணத்தைக் கொடுத்தவர்களில் பாஸ்கிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்டார் வார்ஸ் பக்கம் திரும்பினால், ஜான் ஸ்பைரா இயக்கி 2015-ல் வந்த ‘எல்ஸ்ட்ரீ 1976’ ஆவணப்படத்தைக் கட்டாயம் பாருங்கள். முதல் படத்தில் சின்னச் சின்ன வேடங்களில் வந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். கிரீடோ என்ற வேற்றுக்கிரகவாசியாக முகமூடி போட்ட பால் பிளேக் இருக்கிறார். மதுக்கடையில் நீண்ட தலையோடு தெரிந்த பாம் ரோஸ் இருக்கிறார். அவர் ஏற்ற உருவத்துக்கு லீசப் சர்ல்ன் என்று பின்னாளில் பெயர் வந்தது. சில நாள் வேலை என்று நினைத்துப் போனவர்கள் வாழ்நாள் முழுக்க அந்தச் சில நாளைப் பற்றியே கேள்வி கேட்கப்படுகிறார்கள். அவர்கள் அதைப் பெருமையாகவும் பாரமாகவும் ஒரே நேரத்தில் சுமப்பதைப் பார்க்க முடியும்.

தலையில் இடித்துக்கொண்டவர்

முதல் படத்தில், டெத் ஸ்டாரில் ஒரு கதவு திறக்க, படைவீரர்கள் உள்ளே வருவார்கள். அதில் ஒருவர் கதவின் மேல்பகுதியில் தலையை இடித்துக்கொள்வார். பிரபலமான தவறு. 2004 டிவிடி பதிப்பில் லூகாஸ் அதற்கு ஒரு ‘டங்’ சத்தத்தையும் சேர்த்துவிட்டார். 2002-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஜாங்கோ ஃபெட் என்ற பாத்திரம் தலையை இடித்துக்கொள்வதும் இதற்கான மரியாதைதான்.

அந்த வீரர் யார்? லாரி கூட் என்ற நடிகர் தான்தான் என்று சொல்லியிருக்கிறார். அன்று வயிறு சரியில்லாமல் கவனம் சிதறி நின்றதையும் விவரிக்கிறார். ஆனால் அதே இடிக்கு உரிமை கோரியவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. முகம் தெரியாத வெள்ளைக் கவசம். ஒரே காட்சியைப் பலமுறை எடுத்திருப்பார்கள், பலர் இடித்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொருவரும் தன் நினைவை உண்மையாகவே நம்பலாம்.

இந்த இடத்தில்தான் அடையாளம் காண்பவரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. நாற்பது வருட நினைவு மட்டும் சான்றாகாது. உயரம் ஒத்துப்போகிறதா, அந்த நாளில் அவர் பட்டியலில் இருக்கிறாரா, வேறு புகைப்படம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்துக்குப் பணம் கிடைக்கும் மாநாடுகள் இருக்கும்வரை, தவறான ஒரு பெயர் உண்மையான ஒருவரின் வருமானத்தையும் பெயரையும் பறிக்கும். உறுதி இல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவதுதான் முறை. தவறான பெயர் ஒருமுறை பதிவாகிவிட்டால் புத்தகம் புத்தகமாகப் பரவும், பிறகு எடுப்பது லேசில்லை.

நான் எங்கே நிற்கிறேன்

எல்லாருக்கும் பெயர் வைத்து, எல்லாரையும் வீரராக ஆக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வில்ரோ ஹூட் வாயு எடுக்கும் தொழிலாளி என்பதோடு நின்றிருந்தாலே போதும். ஊர் பறிபோகும்போது ஒரு தொழிலாளி தன்னிடம் இருந்த விலைமதிப்புள்ள ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதுவே முழுக் கதை. அவருக்குள் ரகசியப் பட்டியலைத் திணித்தால், எதையும் காப்பாற்றாமல் வெறுமனே ஓடிய மற்றவர்கள் பேசத் தகாதவர்கள் என்றாகிவிடுகிறது. ஒரு பெரிய உலகத்துக்குச் சாதாரண ஆட்கள் வேண்டும். அவர்களுக்குப் பெயர் இருக்கட்டும், வீரதீரம் கட்டாயமில்லை.

ஆனால் அந்த வேடத்தைப் போட்ட மனிதர்கள் விஷயத்தில் எனக்குச் சமரசமே இல்லை. 1983-ல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ படத்தின் விண்வெளிப் போருக்காகப் பெண் விமானிகளையும் படமாக்கினார்கள். பெரும்பாலான காட்சிகள் வெட்டப்பட்டன. தப்பித்துப் படத்தில் நின்ற ஒரு பெண் விமானிக்கும் ஆண் குரலைச் சேர்த்துவிட்டார்கள். படம் பார்த்த பலர் அங்கே ஒரு பெண் இருந்ததையே கவனிக்கவில்லை. சீலா காட் என்று அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் பெயர் வந்தது. காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இங்கே ஒரு பெண் இருக்கிறார் என்று ரசிகர்கள் சொன்னதால்தான் இந்த வரலாறு இன்று நமக்குத் தெரிகிறது. அடையாளம் காண்பது வெட்டி வேலை என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

2016-ல் வந்த ‘ரோக் ஒன்’ படத்தில், 1977 படத்துக்காக எடுத்துப் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஃபிலிமிலிருந்து சிவப்பு அணித் தலைவரையும் தங்க அணித் தலைவரையும் மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்கள். பட்டியலில் பெயர் தப்பாக அச்சான அதே ட்ரூ ஹென்லியும் ஆங்கஸ் மக்கின்னஸும்தான். ‘ரோக் ஒன்’ அந்த வருடம் டிசம்பரில் வெளியானது. ஹென்லி அதே வருடம் பிப்ரவரியில் காலமாகிவிட்டார்.

1976-ல் இருபது வயதில் எல்ஸ்ட்ரீயில் நின்றவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. முப்பது வயதில் நின்றவருக்கு எண்பது. பாத்திரங்களின் பெயரை லூகாஸ்ஃபிலிம் தரவுத்தளம் காப்பாற்றும், ஏனென்றால் அதில் வியாபாரம் இருக்கிறது. முகமூடிக்குள் இருந்தவர்களின் பெயரைக் காப்பாற்றுவது அவர்களைக் கேட்டு எழுதிவைப்பவர்கள் மட்டும்தான். ஆகவே இந்தத் தேடலில் இறங்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: முதலில் மனிதரின் பெயரைத் தேடுங்கள், வேற்றுக்கிரகவாசியின் பெயர் பிறகு வரட்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் இன்னும் இருக்கிறார் என்றால் இன்றே கேளுங்கள். சொன்னதை ஆதாரத்தோடு பதிவுசெய்யுங்கள், பெயரின் எழுத்தை இரண்டு முறை சரிபாருங்கள்.